அண்ணன் உடைத்த பலகை

2026 பிப்ரவரி 7, சனிக்கிழமை. வழக்கம்போல் எழுந்து வாசலைப் பெருக்கினேன். கறிவேப்பிலைச் செடிக்கும் செம்பருத்திக்கும் தண்ணீர் ஊற்றினேன். காரைக் கழுவினேன். பசாருக்குப் போய் மீனும் கீரையும் வாங்கி, வரும் வழியில் இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தேன். மனைவி துணி துவைத்துக்கொண்டிருக்க, நான் மின்விசிறிகளைத் துடைத்தேன். சனிக்கிழமைகளில் இவற்றுக்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான் இருந்தது, ஸ்கூடாயில் அண்ணன் வீட்டுக்குப் போவது. போன மார்ச் மாதத்திலிருந்து அந்த வேலை இல்லை. ஆனாலும் கை கழுவியதும் கார்ச் சாவியை எடுப்பதும், நினைவு வந்து அதை மீண்டும் ஆணியில் மாட்டுவதும் இன்னும் நிற்கவில்லை.

அன்று சாவியை மாட்டவில்லை. முதல் நாள் அண்ணி போன் செய்திருந்தார்.

“தம்பி, அந்த ரயில் பெட்டிய திதி அன்னிக்கு அவர் படத்துக்கு முன்னாடி வைக்கலாம்னு இருக்கேன். ஆனா இப்ப இருக்கிற மாதிரியே வெச்சா அவர் கோவிச்சுக்குவார். நீங்கதான் பக்கத்துல உக்காந்து பாத்தவங்க. பழையபடி ஆக்க முடியுமா?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. அது என்ன பெட்டி, அதற்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அறிய வேண்டுமானால் அண்ணனின் வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அண்ணன் பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டிய பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு நான்கு வயது இளையவன். அப்பாவின் தங்கையான எங்கள் அத்தையும் எங்களோடு அதே தொழிலாளர் லயத்தில்தான் இருந்தார். அப்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை.

அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஆண்டுக் கடைசி மழையில் தோட்டத்துக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் ரயில் மேடு. அங்கே பக்கப்பாதைத் தண்டவாளத்தில், யாருக்கும் வேண்டாத ஒரு சரக்குப் பெட்டி பல காலமாக நின்றது. மரப்பலகைச் சுவர், தகரக் கூரை. மேடு உயரமானது என்பதால் அப்பா எங்கள் எல்லாரையும் அந்தப் பெட்டிக்குள் ஏற்றினார். ஏறிய பக்கத்தில் தண்ணீரையும் பால்மரங்களையும் தவிர எதுவும் தெரியவில்லை. சாலைப் பக்கத்துக் கதவு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மீட்புப் படகின் சத்தமோ சாலைப் பக்கமிருந்துதான் கேட்டது. நாங்கள் கத்தியது மழையில் யாருக்கும் எட்டவில்லை. படகு எங்களைத் தாண்டிப் போவது சத்தத்திலேயே தெரிந்தது. அப்பா கடப்பாரையால் அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகையை உடைத்தார். அத்தை தன் தாவணியை அவிழ்த்துக் கொடுத்தார். அண்ணன் அரிசி டின் மேல் ஏறி நின்று, அந்தச் சிவப்புத் தாவணியைப் பிடித்த கையை இடைவெளிக்கு வெளியே நீட்டி, தோள் வலிக்க வலிக்க ஆட்டினார்.

படகு திரும்பியது. அது திரும்பாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அப்பா காலமானபோது அண்ணன் மூன்றாம் படிவத்தில் இருந்தார். மறு மாதமே பள்ளியை விட்டுவிட்டு, பெக்கான் நானாஸில் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பழச்சாறு பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெந்திருக்கும். விடுமுறைக்கு வரும்போது சோற்றைக் கையால் பிசையாமல் கரண்டியால் சாப்பிடுவார். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னேன்.

“நானும் வேலைக்கு வந்துடுறேன் அண்ணே.”

“நீ எண்ணுறதுல கெட்டிக்காரன். போய் கணக்குப் போடு.”

“இல்லண்ணே, அம்மா பாவம்...”

“ஒருதடவ சொன்னா சொன்னதுதான். எடு புத்தகத்த.”

நான் படித்து முடித்து, ஓர் அலுவலகத்தில் சாமான் கிடங்குப் பொறுப்பாளனாக உட்கார்ந்திருப்பது அந்த ஒரு பேச்சினால்.

தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட அண்ணன், பிறகு சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை, விடியும் முன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய், இருட்டிய பிறகு திரும்பிய பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர். அந்த உழைப்பில் ஸ்கூடாயில் ஒரு வீடு வாங்கினார். அம்மாவைக் கடைசி நாள் வரை தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். மகளைப் படிக்க வைத்தார். தாமான் குடியிருப்பில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும், எந்த மொழிக்காரர் வந்து கூப்பிட்டாலும், திருப்புளியோடு போய்விடுவார்.

ஆனால் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார். “நீ சொன்னதுதான் சரி” என்று அவர் சொல்லி நாங்கள் எவரும் கேட்டதில்லை. அண்ணி இதைச் சொல்லிச் சிரிப்பார்.

“உங்க அண்ணன் வாயில ‘சரி’ங்கிற வார்த்தையே வராது தம்பி. கல்யாணத்தன்னிக்கு ஐயர் ‘பொண்ண நல்லா பாத்துக்குவியாப்பா’ன்னு கேட்டார். அதுக்குக்கூட தலையத்தான் ஆட்டினார்.”

“வாயால சொன்னாத்தான் பாத்துக்கிட்டதா அர்த்தமா?” என்பார் அண்ணன். அதிலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஓய்வு பெற்றபோது மகள் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் ரயில் பெட்டி கிட் வாங்கிக் கொடுத்தார். உதிரிப் பாகங்களை வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் பூசினால் உள்ளங்கை நீளத்தில் ஒரு சரக்குப் பெட்டி வரும். அண்ணன் அட்டைப்பெட்டியின் மேலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இது வெளிநாட்டு வண்டிடா. நம்ம தண்டவாளத்துல நிக்காது. ஆனா பலகைச் சுவர் இருக்கு, தகரக் கூரை வெச்சுக்கலாம். நம்ம பெட்டிய இதுல செஞ்சுடலாம்.”

‘நம்ம பெட்டி’ என்றால் எது என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ சனிக்கிழமை மாலைகளில் நான் அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அடித்தளத்தை நடுவில் அறுத்துக் குறுக்கினார். சக்கரங்களை உள்ளே தள்ளினார். வழவழப்பான பிளாஸ்டிக் பலகைகளை ரம்பப் பல்லால் நீளவாக்கில் கீறிக் கீறி மரத்தின் ரேகையைக் கொண்டுவந்தார். கதவைச் சூடான ஆணியால் தொட்டு நெளித்து, துருவில் இறுகியதுபோல் ஆக்கினார். இரும்பு நாரைப் புளிக்காடியில் ஊறவைத்து உண்மையான துருவையே எடுத்துப் பூசினார். பெக்கோக் வரை காரோட்டிப் போய், இரட்டைத் தண்டவாளம் போட்ட பிறகு பழைய பக்கப்பாதை இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டு, ஆனால் அங்கிருந்த செம்மண்ணை ஒரு ஜாம் போத்தல் நிறைய எடுத்து வந்தார். அதைச் சலிக்க அண்ணியின் மாவுச் சல்லடைதான் சரியாக இருந்தது.

“ஐயோ, தோசை மாவுல மண்ணு! புதுசா வாங்கினத ஏங்க இப்படி அழுக்காக்குறீங்க? பிள்ளை ஆசையா வாங்கிக் கொடுத்துச்சு.”

“இது அழுக்கு இல்ல. வயசு.”

“அப்ப என் மூஞ்சியிலயும் கொஞ்சம் பூசுங்க.”

“உனக்குத் தேவையில்ல, தானா வந்துடுச்சு.”

அண்ணி சல்லடையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

எல்லாம் முடிந்து, ஒன்று மட்டும் மிஞ்சி நின்றது. அப்பா உடைத்த அந்தப் பலகை. மேலிருந்து நான்காவது என்றார் அண்ணன். மூன்றாவது என்றேன் நான்.

“கைய வெளிய நீட்டி ஆட்டினவன் நான்டா. நீ கீழ உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தே.”

“அழுதுக்கிட்டே எண்ணினேன் அண்ணே. பயத்துல வேற என்ன செய்யிறது? ஒன்னு, ரெண்டு, அப்புறம் வெளிச்சம்.”

“எட்டு வயசுல எண்ணினியாக்கும். இப்ப தினமும் டைரி எழுதுறியே, அதுல இருக்கா அது? இல்லல்ல? அப்ப நாலுதான்.”

இரண்டு ஆண்டுகளும் இந்த வழக்கு நடந்தது. சுற்றிலும் அழுக்கெல்லாம் ஏறிவிட்டது, பலகை மட்டும் முழுசாக இருந்தது. உடைப்பதிலும் ஒரு முறை உண்டு என்று காட்டினார். அப்படியே உடைத்தால் பிளாஸ்டிக்கின் தடிப்புத் தெரிந்துவிடும். பெட்டிக்குள் பின்பக்கமாகக் கத்தியால் சீவிச் சீவி, தாள்போல் மெலிதாக்கிய பிறகு விரலால் ஒடித்தால்தான் மரம் பிளந்ததுபோல் இருக்கும். சீவிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதனால்தான் அவசரப்படவில்லை.

போன மார்ச் மாதத்தில் நாங்கள் சேர்ந்திருந்த கடைசி சனிக்கிழமை, கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

“அடுத்த வாரம் வா. உடைச்சு வெச்சிருப்பேன். நாலாவது.”

“மூணாவது.”

“போடா லா, காருக்கு வழி விடு, பின்னாடி ஹாரன் அடிக்கிறான்.”

புதன்கிழமை காலை குளியலறையில் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அண்ணனின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணனைப் போலவே, வாயால் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் நாங்கள் ஆண்கள் மின்சுடலைக்குப் போயிருந்த நேரத்தில், வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். பெக்கோக்கிலிருந்து வந்திருந்த அத்தைதான் முன்னின்று செய்தார். மூத்தவர் அவர், அண்ணனைத் தூக்கி வளர்த்தவர். கண் முன்னால் பிள்ளை போன துக்கத்தில், கைக்கு வேலை கொடுக்காமல் அவரால் உட்கார முடிந்திருக்காது. கூடத்து மேசையில் செம்மண்ணும் துருவும் அப்பிய ஒரு பொம்மைப் பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் அதிலிருந்து உடைந்து விழுந்த ஒரு துண்டு. சாவு வீட்டில் உடைந்த பொருள் கிடக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டு, பழைய பல்துலக்கியால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். மேசையிலிருந்த அண்ணனின் பசையாலேயே துண்டை அதன் இடத்தில் ஒட்டினார். துடைத்து, அலமாரியில் வைத்தார்.

நாங்கள் திரும்பி வந்து குளித்துவிட்டு உள்ளே வந்தபோது, அது கடையிலிருந்து அன்றுதான் வாங்கிய பொம்மைபோல் பளபளவென்று நின்றது.

“பாருடா, அவன் சாமான எப்படி ஆக்கி வெச்சிருக்கேன்னு. உடைஞ்சு கிடந்துச்சு, ஒட்டிட்டேன்” என்றார் அத்தை. அவர் கண்கள் வீங்கியிருந்தன.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். “நல்லா இருக்கு அத்தை” என்றேன். அண்ணன் பலகையை உடைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். எந்தப் பலகை என்று அத்தையிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் செய்தது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும். கேட்க வேண்டிய அவசியமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் நாலு என்றால் நாலுதான்.

ஏறக்குறைய ஓர் ஆண்டு அந்தப் பெட்டி அலமாரியிலேயே இருந்தது.

அந்த பிப்ரவரி சனிக்கிழமை மதியம், அண்ணியும் நானும் அண்ணனின் மேசையில் உட்கார்ந்தோம். ஜாம் போத்தலில் பாதி மண் மிச்சமிருந்தது. இரும்பு நாரை அண்ணி முதல் நாளே புளிக்காடியில் ஊறப்போட்டிருந்தார். நான் பிறந்ததிலிருந்து எதையும் அழுக்காக்கிப் பழகாதவன். தூரிகையின் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தேன்.

“என்ன தம்பி, கொசு கடிச்ச மாதிரி வைக்கிறீங்க? கொடுங்க இங்க.” அண்ணி கட்டைவிரலை மண்ணில் அழுத்தி, கூரையில் வைத்து இழுத்தார். அண்ணனின் கைவிரல் போலவே வந்தது. “இத்தனை நாள் திட்டினேன்ல, எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் திட்டியிருக்கேன்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெல்ல மெல்லத் துரு ஏறியது. பலகை ஒன்றுதான் பாக்கி. கத்தியை எடுத்தேன்.

“எதை உடைக்கப் போறீங்க? நீங்க மூணுன்னுதானே சண்டை போடுவீங்க?”

“நாலாவது அண்ணி. இது அண்ணனோட பெட்டி. அவர் சொன்ன மாதிரியே இருக்கட்டும்.”

பின்பக்கம் எவ்வளவு சீவியிருக்கிறார் என்று பார்க்கக் கூரையைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். நான்காவது பலகை தடிப்பாக இருந்தது. கத்தி பட்ட தடமே இல்லை. ஒருவேளை கீழேயிருந்து எண்ணினாரோ என்று பார்த்தேன். அங்கும் இல்லை. எழுந்து சன்னலுக்குப் போய்ப் பெட்டியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். சுவர் முழுதும் கறுப்பாக இருந்தது. ஒரே ஒரு பலகையில் மட்டும், மெழுகுத்தாளில் தெரிவதுபோல் வெயில் மங்கலாக ஊடுருவியது. அதன் இரு முனையிலும் அத்தை வைத்த பசை முடிச்சாக நின்றது.

மேலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, அப்புறம் வெளிச்சம்.

மீண்டும் எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. அண்ணி எழுந்து வந்து என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“என்ன தம்பி? உடைஞ்சிடுச்சா?”

“மூணாவது அண்ணி. அண்ணன் மூணாவதத்தான் உடைச்சிருக்கார்.”

அண்ணி பெட்டியைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவோரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பென்சில் கோடு.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம்” என்றார். “அரிசி டின்ன அங்க கொண்டுபோய் சுவத்தோட போட்டு, ஏதோ அளந்து கோடு போட்டுக்கிட்டு இருந்தார். ‘இந்த வயசுல சுவத்துல கிறுக்குறீங்களே’ன்னு கத்தினேன். ‘பன்னெண்டு வயசுப் பையன் இது மேல நின்னா தோள் எங்க வரும்’னு கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பாத்துட்டு, தானா சிரிச்சார். என்னங்கன்னேன். ‘சனிக்கிழமை அவன் வருவான்ல, அவன்கிட்ட சொல்லிக்கிறேன்’னார்.”

எனக்குச் சொல்ல அவருக்கு ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொல்ல வைத்திருந்தார். அதை எந்த வார்த்தையில் சொல்லியிருப்பார் என்று அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். என்னால் அவர் குரலில் அதைக் கேட்க முடியவில்லை. “எட்டு வயசுல எண்ணினியாக்கும்” என்றுதான் கேட்கிறது.

பசை முடிச்சுகளில் கத்தி நுனியை வைத்து மெதுவாக அழுத்தினேன். துண்டு முழுதாக வெளியே வந்தது. அண்ணன் ஒடித்த இடம், சிம்பு சிம்பாக, அவர் விட்டபடியே இருந்தது. நான் எதையும் உடைக்கவில்லை. அவர் உடைத்ததைத் திறந்தேன், அவ்வளவுதான். விளிம்பில் அண்ணி மண்ணைத் தடவினார்.

அண்ணனின் இறுதி நாளில் வேலை நாளென்றும் பாராமல் பாலம் கடந்து வந்த அவருடைய சிங்கப்பூர்த் தோழர்களை எங்கள் குடும்பம் மறக்காது. கேட்காமலே தம் வீட்டு வாசலையும் திறந்துவிட்டு, வந்தவர்களை உட்கார வைத்த பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தையும், சாலையில் நின்று கார்களுக்கு வழிகாட்டிய மலாய் அன்பர்களையும், தேவாரம் பாடியவர்களையும், கருமக்கிரியை வரை எங்கள் அடுப்பை எரியவிடாமல் சமைத்துக் கொண்டுவந்த தாமான் பெண்களையும் வணங்குகிறோம். அவர்களில் பலர் வீட்டில் அண்ணன் பழுது பார்த்த மின்விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்போது அவரை ஒரு கணம் நினைத்தால் போதும்.

ஒருவருக்கு மட்டும் நன்றியை அச்சில் சொல்வதற்கு முன் என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. இந்த மலர் அத்தையின் கைக்கும் போகும். பேத்தி படித்துக் காட்டுவாள். பெட்டிக்கு நேர்ந்ததை அவர் அப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும், வாசலைப் பெருக்கும் முன், அத்தைக்குப் போன் செய்தேன்.

“என்னடா காலங்காத்தால? யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒன்னுமில்ல அத்தை.” எல்லாவற்றையும் சொன்னேன். மண், துரு, பலகை, அப்பாவின் கடப்பாரை, அண்ணனின் பென்சில் கோடு.

“அது நம்ம பெட்டியாடா? எனக்குத் தெரியலையே. நான் போய் அதக் கழுவி... நாசமாக்கிட்டேனா?”

“இல்ல அத்தை. நீங்க எடுத்து ஒட்டலைன்னா அந்தத் துண்டு அன்னிக்கே தண்ணியோட போயிருக்கும். இப்ப பத்திரமா என்கிட்ட இருக்கு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“மலர்ல இத எழுதப் போறியா?”

“ஆமா அத்தை. அப்பா பலகைய உடைச்சது, நீங்க சிவப்புத் தாவணிய அவுத்துக் கொடுத்தது...”

“சிவப்பா? அது ஊதாடா. எனக்கு ஏது சிவப்புத் தாவணி?”

“அண்ணன் கடைசி வரைக்கும் சிவப்புன்னுதான் அத்தை சொன்னார்.”

“அவன் சொன்னானா?” என்றார் அத்தை. “அப்ப சிவப்புன்னே எழுது.”

அப்படியே எழுதியிருக்கிறேன்.